குழந்தைகள் நரம்பியல் அறுவை மருத்துவம்: கற்பிக்கவும் ஆய்வு செய்யவும் விரும்புகிறவருக்கு

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு மாணவி. குழந்தைகளுக்கு மூளை, தண்டுவட அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவராகி, மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கவும் ஆய்வு செய்யவும் ஆசை. நேரடி எம்.சிஹெச். (நரம்பியல் அறுவை போன்ற துறைகளுக்கான உயர்சிறப்புப் பட்டம்) நல்லதா, எம்.எஸ். முடித்துவிட்டுச் செல்வது நல்லதா? அப்பா துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. வெளிநாட்டுப் படிப்புக்கு வசதியில்லை. அது இல்லாமல் ஆய்வாளராக முடியுமா?

பதில்: முடியும். முதலில் படிப்பைப் பார்ப்போம். எம்.பி.பி.எஸ். முடித்தபின் பெங்களூரு நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் ஐ.என்.ஐ. செட் என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேரும் நேரடி எம்.சிஹெச். 6 ஆண்டுகள், எம்.எஸ். பொது அறுவை 3 ஆண்டுகள், அதன்பின் எம்.சிஹெச். 3 ஆண்டுகள் என்றாலும் கூட்டுத்தொகை அதேதான். நேரடி வழியில் இன்னொரு நுழைவுத் தேர்வு இல்லை; ஆனால் பாதியில் விலக நேர்ந்தால் கையில் எம்.எஸ். பட்டமும் இருக்காது. மற்றொரு வழியில், எம்.எஸ். முடித்து அரசுப் பணியில் சேர்ந்தால், தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் 50 சதவீதம் அரசுப் பணி மருத்துவர்களுக்கு ஒதுக்கப்படுவதால், சம்பளத்தோடு குடும்பத்தைத் தாங்கிக்கொண்டே மேலே படிக்கும் வாய்ப்பு உண்டு. உங்கள் வீட்டு நிலைமையை நினைத்தால் இதையே நான் முதலில் சொல்வேன். ஆனாலும் ஹவுஸ் சர்ஜனாக அறுவை அரங்கில் சில மாதங்கள் நின்று பார்த்தபின் முடிவெடுங்கள். குழந்தைகள் பிரிவுக்கான தனிப் பயிற்சி பெரும்பாலும் எம்.சிஹெச்.சுக்குப் பிறகு வரும் ஓராண்டு பெல்லோஷிப்தான்.

இனி ஆய்வு. தலையில் நீர் கோத்த கைக்குழந்தைக்கு அந்த நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் வைப்பது ஒரு மணி நேர வேலை. அந்தக் குழாயோடு அந்தப் பிள்ளை பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகும்வரை பொறுப்பு நம்முடையது. 1998-ல் வெளியான பன்னாட்டு ஒப்பீட்டு ஆய்வில், முதல் ஆண்டிலேயே 40 சதவீதத்துக்கு நெருக்கமான குழாய்கள் பழுதாகியிருந்தன. அடைப்பு ஏற்பட்ட அன்றே பெரிய மருத்துவமனையை எட்ட முடியாத குழந்தைக்கு அது உயிர்ப் பிரச்சினை. இந்தக் கவலையிலிருந்துதான், உகாண்டாவின் உம்பாலே நகரில் பணியாற்றிய நரம்பியல் அறுவை மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப், உள்நோக்கிக் கருவியால் (எண்டோஸ்கோப்) மூளையறையில் நீருக்கு மாற்றுவழி திறந்து, நீரைச் சுரக்கும் திசுவையும் சுட்டுவிடும் முறையைக் கைக்குழந்தைகளுக்குச் செய்து, குழாயே தேவைப்படாதவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து 2005-ல் வெளியிட்டார். இன்று பணக்கார நாடுகளும் அதைக் கையாளுகின்றன. இந்தத் துறையில் ஆய்வின் உயிர் விலை உயர்ந்த கருவியில் இல்லை. நோயாளி திரும்பி வருவதிலும், அதை நாம் ஒழுங்காகப் பதிந்து வைப்பதிலும் இருக்கிறது. ஆகவே எம்.சிஹெச்.சுக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது, ஆண்டுக்கு எத்தனை குழந்தைகளுக்கு அறுவை நடக்கிறது, மாணவர் கையில் கத்தி கொடுக்கப்படுகிறதா, பத்தாண்டுகளுக்கு முந்தைய நோயாளியின் குறிப்பைக் கேட்டால் எடுத்துத் தருவார்களா என்று அங்கே படிக்கிறவர்களிடமே விசாரியுங்கள். கட்டடத்தின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950-ல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியபோதும் வசதிகள் குறைவுதான்.

பட்டத்துக்குப் பின் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்பது படிநிலை. உயர்வுக்குப் பணி ஆண்டுகளோடு ஆய்வுக் கட்டுரைகளும் தேவை. சம்பளம் தனியார் மருத்துவமனையைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

இந்த ஆண்டே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இளநிலை மருத்துவ மாணவர்களுக்கு இரண்டு மாதக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. அதற்கு எடுத்துக்கொள்ள ஒரு கேள்வி சொல்கிறேன். காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் வரும் தாய்மார், 'பிள்ளை தலை பெருசாகிட்டே போகுது' என்று முதலில் கவனித்த நாளுக்கும், அறுவை மருத்துவரைப் பார்த்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் கழிந்தது, எங்கே கழிந்தது? தடுப்பூசிக்கு வந்தபோது யாரேனும் தலைச் சுற்றளவை அளந்தார்களா? வழிகாட்ட ஒரு பேராசிரியரைக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்த பிறகே தாய்மாரிடம் பேசத் தொடங்குங்கள்.