ஊசி போட்டாயிற்று, அப்புறம் கேட்டீர்களா?

சிஸ்டர் பதில்கள்

போன இதழில் "எங்கே வலித்தாலும் எழுதி வையுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டுகளில் 34 வருஷம் வேலை பார்த்தவள் நான். இந்த முறை வலியைப் பற்றி மட்டும் பேசலாம்.

*

*அம்மாவுக்கு 71 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. நர்ஸ் வந்து "பத்துக்கு எத்தனை வலி பாட்டி?" என்றால் "பரவால்லம்மா, ரெண்டு" என்கிறார். அவர் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுகிறார். சார்ட்டில் எல்லா நாளும் 2 தான். நான் குறுக்கே பேசலாமா?*
— வாசகி, மன்னார்குடி

தாராளமாகப் பேசுங்கள். ஆனால் எண்ணைத் திருத்தாதீர்கள். "அம்மா 2 என்கிறார், ஆனால் அழுகிறார், திரும்பிப் படுக்க முடியவில்லை" என்று நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துப் பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும். முழங்கால் சேற்றில் பொழுதுக்கும் குனிந்து நட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து நிமிர்கிறவர்கள் அதை வலி என்றே சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் உளையுது" என்பார்கள். அவர்களிடம் போய் "வலிக்குதா?" என்றால் "இல்லை" என்றுதான் வரும். "குத்துதா, கடுக்குதா, எரியுதா?" என்று கேட்டால் கடகடவென்று சொல்வார்கள். அந்தச் சொல்லை அப்படியே எழுதுவது ரொம்ப முக்கியம். எரியுது, சுரீரென்று கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு என்றால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்தே வேறு. விண் விண் என்று தெறிக்குது என்றால் வீக்கமோ சீழோ இருக்கலாம். சுருட்டிப் பிடிச்சு விடுது என்றால் குடலையோ கல்லையோ நினைக்க வேண்டும். இத்தனையையும் 'பெயின் பிரசன்ட்' என்று இரண்டு சொல்லில் எழுதி முடித்தால், ராத்திரி முழுக்க நோயாளி சொன்னது காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்குப் போய்ச் சேராது.

பத்துக்கு எத்தனை என்பது பழைய ஆட்களுக்குப் பிடிபடாது. "மொத்த வலி ஒரு ரூபாய் என்றால் எவ்வளவு போச்சு?" என்று நான் ரூபாய்க் கணக்கில் கேட்பேன். ஒரு ஆச்சி, மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டபோது, "முக்காலே மூணு வீசம் போயிடுச்சும்மா" என்றார். பதினாறில் பதினைந்து பங்கு போய்விட்டது! பக்கத்தில் 1 என்று போட்டு, ஆச்சி சொன்னதையும் தமிழிலேயே எழுதி வைத்தேன். மறுநாள் டாக்டர் அதைப் படித்துவிட்டு மாத்திரையை மாற்றாமல் தொடரச் சொன்னார். எண்ணே வராதவர்களுக்குச் சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடிகிற ஆறு முகங்கள் கொண்ட அட்டை இருக்கிறது. குழந்தைகளுக்காக வந்தது. பெரியவர்களும் விரல் வைத்துக் காட்டுவார்கள்.

இன்னொன்று. எண்ணை மட்டும் துரத்தவும் கூடாது. அமெரிக்காவில் 1990-களில் காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷரோடு வலியையும் ஐந்தாவதாகச் சேர்த்துக் கேட்கத் தொடங்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எண்ணைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியும் சேர்ந்து, அபின் வகை மருந்துகள் அளவு மீறிப் போயின. 2016-ல் அங்கே டாக்டர்கள் சங்கமே அந்த ஐந்தாவதைக் கைவிடச் சொன்னது. அதனால் எண்ணுக்குப் பக்கத்தில், அம்மாவால் எழுந்து உட்கார முடிந்ததா, இருமிச் சளியைத் துப்ப முடிந்ததா, வாக்கரைப் பிடித்து நாலு அடி வைத்தாரா என்பதும் இருக்கட்டும். இடுப்பு ஆபரேஷன் ஆனவர் வலிக்குப் பயந்து அசையாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும்.

*

*அப்பாவுக்கு மறதி நோய். பேச்சும் நின்றுவிட்டது. அவருக்கு வலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?*
— வாசகர், திருத்துறைப்பூண்டி

வேலை ஒன்றும் இல்லாமல் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். மூச்சு எப்படிப் போகிறது, முனகுகிறாரா, முகம் சுருங்குகிறதா, கை இறுகியிருக்கிறதா, தடவிக்கொடுத்தால் அடங்குகிறாரா? இந்த ஐந்தையும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று போட்டுக் கூட்டினால் பத்துக்கு ஒரு எண் வரும். மறதி நோயாளிகளுக்கென்றே வகுத்த அளவுகோல் இது. படுத்திருக்கும்போது ஒரு தடவை, துணி மாற்றப் புரட்டும்போது ஒரு தடவை பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதை டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று சாப்பாட்டைத் தள்ளினாலோ, தொட்டால் அடிக்க வந்தாலோ 'குணம் மாறிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். பல் வலியோ மூத்திர அடைப்போ இருக்கும்.

*

*கணவருக்குப் புற்றுநோய். மார்ஃபின் மாத்திரை தந்திருக்கிறார்கள். "அது பழகிப்போகும், தாங்க முடியாதபோது மட்டும் கொடு" என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.*
— வாசகி, வேதாரண்யம்

சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்காதீர்கள் அம்மா. புற்றுநோய் வலிக்கு மருந்தைப் படிப்படியாக ஏற்றும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொன்னது. வாய் வழியாக, கடிகாரத்தைப் பார்த்துக் கொடு என்பது அதன் அடிப்படை. வலி வரட்டும் என்று காத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் வலி உச்சிக்கு ஏறிய பிறகுதான் மருந்து போய்ச் சேரும். டாக்டர் அளவோடு கொடுத்து, புற்று வலிக்காகச் சாப்பிடுகிறவர் அடிமையாவது அரிது. நீங்களாக நிறுத்தத்தான் கூடாது.

40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மணி, கொடுக்கும் முன் வலி எத்தனை, ஒரு மணி நேரம் கழித்து எத்தனை, நடுவில் கூடுதல் மாத்திரை தேவைப்பட்டதா, மலம் போனாரா. இவ்வளவு போதும். குமட்டலும் தூக்கமும் முதல் சில நாளில் பெரும்பாலும் சரியாகும். மலச்சிக்கல் மட்டும் மருந்து உள்ளவரை இருக்கும். அதற்கு மருந்து எழுதித் தந்திருக்கிறார்களா என்று முதல் வேலையாகப் பாருங்கள். எழுப்பினாலும் எழாத அளவு தூக்கம், மூச்சு மெதுவாகிறது என்றால் அடுத்த மாத்திரை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு நர்ஸ் வீட்டுக்கே வருவார். அவர் வந்ததும் முதலில் அந்த நோட்டைக் கையில் கொடுங்கள்.

*

*உள்நோயாளியாக இருந்தபோது எழுதிய கேஸ் ஷீட்டை நாம் கேட்டு வாங்கலாமா?*
— வாசகர், சீர்காழி

வாங்கலாம். எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்பது 2002-ன் மருத்துவ ஒழுங்குமுறை விதி. நர்சுகள் எழுதிய பக்கங்களும் வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். வலியின் கதை அங்கேதான் இருக்கும்.

*

*ராத்திரியில் 26 பேருக்கு நான் ஒருத்தி. விடியற்காலையில் எல்லார் வலிக் கட்டத்திலும் 2 போட்டு முடிக்கச் சொல்கிறார் சீனியர். மனசு கேட்கவில்லை.*
— இளம் நர்ஸ், கும்பகோணம்

தங்கச்சி, உன் மனசு சொல்வதே சரி. இதுவரை வெளியில் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. அறுவடைக் காலம். டிராக்டர் டிரெய்லர் ஏறி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு ஒரு விவசாயத் தொழிலாளி வந்தார். முப்பது வயசுகூட இருக்காது. ராத்திரி பத்து மணிக்கு "தாங்கலைம்மா" என்றார். ஊசி போட்டேன். 'ஊசி போடப்பட்டது. நோயாளி நலமாக உள்ளார்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துத் திரும்பிப் போகவில்லை. விடியற்காலை நாலரைக்குப் போனபோது தலையணையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கால் கட்டைவிரலைக் கொஞ்சம் மேலே மடக்கிப் பார்த்தேன். அந்த அலறல் இன்னும் காதில் இருக்கிறது.

கட்டுக்குள் வீங்கி, தசையில் ரத்த ஓட்டம் நின்றிருந்தது. ஊசிக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலிதான் அதன் முதல் அடையாளம். ஆறு, எட்டு மணி நேரம் தாண்டினால் தசை செத்துப்போகும். பதினொரு மணிக்கு நான் மறுபடி கேட்டு 'முன்பு 6, இப்போது 9' என்று எழுதியிருந்தால், டியூட்டி டாக்டரைக் கூப்பிடாமல் இருந்திருக்க முடியாது. கட்டைப் பிரித்திருப்பார்கள். விடிந்த பிறகு காலைக் கிழித்து ஆபரேஷன் செய்தார்கள். கால் தப்பியது, பாதம் தொங்கிவிட்டது. அதற்கப்புறம் அவர் சேற்றில் இறங்கி வேலை செய்யவே இல்லை.

வலி என்பது அனுபவிக்கிறவர் சொல்வதுதான் என்று 1968-லேயே மார்கோ மெக்கஃபெரி என்ற அமெரிக்க நர்ஸ் எழுதிவிட்டார். எனக்கு அதைப் பாடமாகச் சொல்லித் தந்தது அந்தக் கால்தான். அன்றிலிருந்து ஊசி போட்டதும் இடது உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொள்வேன்: '10.40, கட்டில் 12'. ரத்தக் குழாயில் போட்டால் அரை மணி, மாத்திரை என்றால் ஒரு மணி நேரம். போய்க் கேட்டு எழுதிய பிறகுதான் கையைக் கழுவி அழிப்பேன்.

26 பேரையும் ஒரே மாதிரி பார்க்க உன்னால் முடியாது. வலிக்கு மருந்து கொடுத்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், மாவுக்கட்டு, ஆபரேஷன் ஆனவர்கள் அதில் முதலில். அவர்களிடம் இரண்டாம் தடவை போ. மருந்து கொடுத்தும் வலி அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொன்ன நேரத்தையும், அவர் சொன்னதையும் சேர்த்து எழுது. சீனியரிடம் சண்டை வேண்டாம். ஆள் போதவில்லை என்பதை நர்சிங் சூப்பரின்டெண்டுக்கு எழுத்தில் கொடு, நகல் ஒன்று வைத்துக்கொள். தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை தடவாதே. ஒற்றைக் கோடு போட்டுக் கையெழுத்து வை. சொன்ன நேரத்துக்குப் போக முடியவில்லையா, '1.10-க்குப் பார்க்க இயலவில்லை, 2.05-க்குப் பார்த்தேன், வலி 6, குடைகிறது என்கிறார்' என்று உள்ளபடி எழுது.