ஐஸ்லாந்து கேம்பர் வேன்: நடுராத்திரியில் ஹீட்டர் நின்றுவிடுகிறது

கேம்பர் வேனில் (உள்ளேயே படுத்துத் தூங்கும் வேன்) ஹீட்டர் இப்படி நின்றால், பெரும்பாலும் ஹீட்டரில் கோளாறு இல்லை, பின்பக்க பேட்டரிதான் (எஞ்சின் பேட்டரி அல்ல, படுக்கைப் பகுதிக்குக் கரண்ட் தரும் தனி பேட்டரி). இரவு 3 மணிக்கு நின்று, காலையில் வண்டி ஓட்டியதும் தானே கிளம்புகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே அடையாளம்: வண்டி ஓடும்போது அந்த பேட்டரி சார்ஜ் ஆகிவிடுகிறது. டீசல் ஹீட்டரானாலும் விசிறிக்கும் பம்புக்கும் கரண்ட் வேண்டும். டிசம்பரில் வட ஐஸ்லாந்தின் அக்குரேரி நகரில் பகலே சுமார் 3 மணி நேரம், சோலாரை மறந்துவிடுங்கள்.

படுக்குமுன் பேட்டரி மீட்டரைப் பாருங்கள். 12.2 வோல்ட்டுக்குக் கீழே என்றால் விடியும்வரை தாங்காது. கரண்ட் இணைப்புள்ள முகாமில் ஒரு ராத்திரி செருகிப் பாருங்கள். அப்போதும் நின்றால் டீசல் அளவு: டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கினால் பல வேன்களில் ஹீட்டர் குழாய்க்கு எட்டாது.

குளிருக்குப் பயந்து எஞ்சினை ஓடவிட்டோ, கேஸ் அடுப்பைப் பற்றவைத்தோ மட்டும் தூங்காதீர்கள். காற்றில் பறந்துவரும் பனி எஞ்சின் புகைக்குழாயை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளேதான் வரும்; கேஸ் அடுப்பிலிருந்தும் அது வரலாம்.