ஆயரிடம் கேளுங்கள்: ஒரு குறையும் இல்லை, ஆனாலும் பயமாயிருக்கிறது

கேள்வி: ஐயா, நாங்கள் ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். எனக்கு 47 வயது. ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. பாடகர் குழுவில் பாடுகிறேன், இரண்டாம் முறையாகச் சேகரக் கமிட்டியிலும் இருக்கிறேன். தசமபாகக் காணிக்கை ஒன்றாம் தேதியே போய்விடும். சொல்லும்படியான பாவம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு வருடமாக ஜெபம் வாயிலிருந்துதான் வருகிறது. அதைப் பற்றி எனக்குக் கவலைகூட வரவில்லை என்பதைப் போன வாரம்தான் கவனித்தேன். அதிலிருந்து பயமாக இருக்கிறது. இது ஆவிக்குரிய வறட்சியா? நான் என்ன செய்ய வேண்டும்?
வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, கவலை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் உங்கள் கேள்வி முழுவதும் இருக்கிறது.

இது வறட்சி அல்ல. வறட்சியில் தாகம் இருக்கும். தாவீது யூதா வனாந்தரத்தில் பாடிய 63-ஆம் சங்கீதத்தில் நிலம் வறண்டு கிடக்கிறது, ஆத்துமாவோ தேவனுக்காகத் தவிக்கிறது. அந்த வனாந்தரத்தில் அவர் பாவத்தில் விழவில்லை. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் படைத்தலைவன் யோவாபை அனுப்பிவிட்டு, தான் எருசலேமில் தங்கி, சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகையில் உலாவினாரே, அன்றைக்குத்தான் பத்சேபாளைப் பார்த்துப் பாவத்தில் விழுந்தார். வசதி வந்த பிறகு வருகிற இந்த நிலைக்கு மெத்தனம் என்று பெயர்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா சபைக்கு ஆண்டவர் எழுதச் சொன்ன கடிதத்தில் இந்த நிலையைப் பார்க்கலாம். லவோதிக்கேயா இன்றைய துருக்கியில் இருந்த பட்டணம். கறுப்புக் கம்பளி வியாபாரத்தில் செழித்த ஊர். கி.பி. 60-இல் பூகம்பத்தில் இடிந்தபோது, ரோமாபுரியிடம் கை நீட்டாமல் சொந்தப் பணத்திலேயே எழுப்பிக்கொண்டார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அந்த ஊர்ச் சபைதான் ‘எனக்கு ஒரு குறைவுமில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. ‘வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்’ என்ற வசனத்தை நாம் புறஜாதியாருக்குச் சொல்லும் சுவிசேஷமாகக் கைப்பிரதியில் அச்சடித்துக் கொடுக்கிறோம். அது ஆராதனைக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த சபையாருக்கு எழுதப்பட்டது. ஆண்டவர் வெளியே நிற்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த ஊருக்குத் தண்ணீர் தெற்கேயிருந்த ஊற்றுகளிலிருந்து கல்குழாய் வழியாக வந்தது. தோண்டியெடுத்த குழாய்களுக்குள் சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்திருக்கிறது. இதைப் படித்தபோது உசிலம்பட்டிப் பக்கம் நாங்கள் குடியிருந்த ஆயர் இல்லம்தான் ஞாபகம் வந்தது. அங்கே போர்வெல் தண்ணீர் கடும் உப்பு. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரத் தொடங்கியதும் மோட்டாரைத்தான் சந்தேகப்பட்டோம். பிளம்பர் ஒரு இஞ்ச் பைப்பை அறுத்துக் காட்டினார். உள்ளே பென்சில்கூட நுழையாது. யாரும் அதை உடைக்கவில்லை, அடைக்கவில்லை. தினமும் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது.

அந்த வீட்டில் இருந்த காலத்தில் என் நிலையும் அதுதான். பிரசங்கத்துக்காக மட்டும் வேதத்தைத் திறப்பேன். யார் என்ன சொன்னாலும் ‘ஜெபிக்கிறேன்மா’ என்று வாய் தானாகச் சொல்லும். ஒரு நாள் சந்தையில் காய் விற்கிற அம்மா ஒருவர் என்னை நிறுத்தி, “ஐயா, என் மகனுக்காக நாலு மாசமா ஜெபம் பண்றீங்களே, அவன் குடியை விட்டுட்டு வேலைக்குப் போறான்” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஒரு நாள்கூட அவனுக்காக ஜெபித்ததில்லை. அவன் பெயர்கூட எனக்கு நினைவில் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் அவர் வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார். அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஜெபிக்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அவர் முன்னாலேயே பெயரை அதில் எழுதிவிடுவேன். இப்போதும் அப்படித்தான்.

சரி, உங்களுக்கு. இன்னொரு உபவாசக் கூட்டத்துக்குப் போகச் சொல்ல மாட்டேன். கூட்டம் உங்களுக்குப் பழகிவிட்டது. கமிட்டித் தேர்தலில் இந்த முறை நிற்காதீர்கள். கசப்பாக இருக்கும், தெரியும். பதவி இல்லாத ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகக் கால் எழுகிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். ஐந்து தலைமுறை என்கிறீர்கள். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு அமெரிக்க மிஷனரிகள் வந்த பிறகு இந்தப் பக்கத்தில் விசுவாசத்துக்கு வந்த பலர், சொந்த பந்தத்தின் பகையைச் சுமந்தார்கள். உங்கள் முதல் தலைமுறைக்கு அது என்ன விலையானது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், வாரம் ஒரு சாயங்காலம் கோரிப்பாளையத்துக்குப் பஸ் ஏறி, அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போங்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ நோயாளியோடு துணைக்கு வந்து, விரிப்பைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைக் கேளுங்கள். பிரசங்கம் வேண்டாம். வீட்டுக்கு வந்து அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அந்த ஜெபம் வாயிலிருந்து மட்டும் வராது என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்று இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் உங்கள் மனைவியிடம், “இந்த இரண்டு வருஷத்தில் நான் எப்படி மாறியிருக்கிறேன்?” என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அவர் சொன்னதை எனக்கு எழுத வேண்டாம்.