சாந்தோம் பேராலயம் போர்த்துகீசியர் கட்டியதுதானா?

இடம் அவர்களுடையது, இப்போது நிற்கும் கட்டடம் அவர்களுடையது அல்ல. இயேசுவின் சீடர் புனித தோமாவின் கல்லறை என்று நம்பப்படும் இடத்தின் மேல் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் எழுப்பிய கோயிலை இடித்துவிட்டு, ஆங்கிலேயர் காலத்தில் 1893 முதல் 1896 வரை கட்டியதுதான் இந்த வெள்ளைக் கட்டடம். பாணி நவ கோதிக்: நுனி கூர்ந்த வளைவுகள், ஒடுங்கிய உயர ஜன்னல்கள், சுமார் 155 அடிக் கோபுரம்.

வெளியே நின்று கூரையைப் பாருங்கள். நடுவில் சின்னதாக இன்னொரு கோபுரம் தெரியும். கல்லறை இருக்கும் இடத்தைக் காட்டத்தான் அது. பலர் பெரிய கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கல்லறைச் சிற்றாலயத்துக்குப் பின்பக்கம் தனி வாசல் உண்டு, தவறவிடாதீர்கள்.

உண்மையான போர்த்துகீசியப் பழமை வேண்டுமென்றால் மயிலாப்பூர் லஸ் கோயிலுக்குப் போங்கள். ஊர் வழக்கில் காட்டுக் கோயில். அங்குள்ள கல்வெட்டு சொல்லும் ஆண்டு 1516. மெட்ராஸ் கோட்டைக்கே நூறாண்டு மூத்தது.

அடுத்து பரங்கிமலை. 1547இல் மலை உச்சிக் கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவை பலிபீடச் சுவரில் இருக்கிறது. அதைச் சுற்றி ஓடும் எழுத்து பஹ்லவி, அதாவது இடைக்காலப் பாரசீகம். போர்த்துகீசியர் வருவதற்கு வெகு முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் இருந்ததற்கு இதைவிட நேரடிச் சான்று சென்னையில் வேறில்லை. மலைப்படிகள் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டிக்கொடுத்தவை. உச்சி வெயிலில் ஏற வேண்டாம். மேலே வண்டிப்பாதையும் உண்டு.

கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள், அது ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபு.