அம்மப்பாவின் கொப்பி

அன்புள்ள ஐயா,

கொழும்பில் இரசாயனவியல் படித்து முடித்திருக்கிறேன். மூலிகைகளிலிருந்து புதிய மருந்து உருவாக்கும் ஆய்வில் இறங்க ஆசை. பரியாரியாராக இருந்த அம்மப்பாவின் கொப்பி ஒன்று வீட்டில் இருக்கிறது. நம் முன்னோர் எல்லாவற்றையும் கண்டுபிடித்து வைத்துவிட்டார்கள், நிரூபிப்பதுதான் பாக்கி. முதுமாணிப் படிப்பை இங்கே செய்யவா, வெளிநாட்டிலா?

தர்ஷன், வெள்ளவத்தை

அன்புள்ள தர்ஷன்,

எங்கே படிப்பது என்பதை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். எனக்கு அந்தக் கொப்பிதான் இரண்டு நாளாக மனதில் நிற்கிறது.

'எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று இனி எழுதாதீர்கள். நம் பிள்ளைகளைச் சோம்பேறிகளாக்கிய பேச்சு அது. சீனாவில் து யூயூ என்ற விஞ்ஞானி மலேரியாவுக்கு மருந்து தேடியபோது சிங்ஹாவ் செடியின் பெயர் பல பழைய நூல்களில் இருந்தது. ஆனால் சாறு ஒருமுறை பலித்தது, மறுமுறை கைவிட்டது. பிறகு, நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் என்ற மருத்துவர் எழுதிய வரியை அவர் திரும்பப் படித்தார்: ஒரு பிடி செடியை நீரில் ஊறவைத்து, பிழிந்து குடி. காய்ச்சு என்று அதில் இல்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தில் சாறு எடுத்தார். 1971 ஒக்டோபரில் அந்தச் சாறு எலிகளின் உடலிலிருந்த மலேரியாக் கிருமிகளை முற்றாக அழித்தது. ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது அந்த வழியில்தான். 'பிழிந்து' என்று ஒருவர் எழுதிவைத்திருக்காவிட்டால்?

என் அம்மாவுக்கு நீரிழிவு. புறக்கோட்டை கபோஸ் லேனில் கொத்தல ஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியின் கட்டையில் கடைந்த குவளை வாங்கி, இரவில் நீர் ஊற்றி வைத்து, காலையில் அந்தச் செந்நிற நீரைக் குடிப்பார். டாக்டர் தந்த குளிகையையும் போடுவார். குவளையைப் பற்றி டாக்டரிடம் மூச்சு விடவில்லை. ஒரு காலை அடுப்படியில் வியர்த்து விழுந்தார். சீனி இறங்கியிருந்தது. எவ்வளவு நீர், எத்தனை மணிநேரம் ஊறியது, குவளை வாங்கி எத்தனை மாதம் என்று டாக்டர் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் நொதியைத் தடுக்கும் சலசினோல் என்ற பொருளை அந்தச் செடியிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 1997இல் அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடித்த எங்கள் வீட்டில் ஓர் அளவுக் குறிப்புக்கூட இல்லை.

உங்கள் கொப்பியில் 'ஒரு பிடி வேர்' என்றுதான் இருக்கும். யாருடைய பிடி? பச்சை வேரா, காய்ந்ததா? யாருக்குக் கொடுத்தபோது பலிக்கவில்லை? பலிக்காததையும் எழுதாத கொப்பி பாதிக் கொப்பி.

அம்மம்மா இருக்கிறாரா, தம்பி? உரலில் இடித்தவர் அவராகத்தான் இருப்பார். தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே அவரிடம் போங்கள். ஒரு பிடி அள்ளித் தரச் சொல்லி நிறுத்துப் பாருங்கள்.