எந்தச் சொல்லுக்கு ஆமாம் சொன்னீர்கள்?

வணக்கம் ஐயா,

நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். 2024 தொடக்கத்தில் ஒரு நாள் மதியம் தொலைபேசி வந்தது. தமிழில்தான் பேசினார்கள். கருத்துக்கணிப்பு, பத்து நிமிடம் போதும் என்றார்கள். அதில் ஒரு கேள்வி: "அரசாங்க மானியம் பணக்காரர்களுக்குப் போகாமல் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறீர்களா?" இதற்கு யார் இல்லை என்பார்கள்? ஆமாம் என்றேன். ஜூன் மாதம் அரசாங்கம் டீசல் மானியத்தைக் குறைத்தது, விலை ஏறியது. என் வீட்டுக்காரர் பழைய டீசல் வேனில் பந்தல் சாமான் ஏற்றுகிறவர். "நீதானே ஆமாம்னு சொன்னே" என்று அவர் சும்மா சொன்னாலும் எனக்கு உறுத்துகிறது. என் பதிலை வைத்துத்தான் இதைச் செய்தார்களா? இனி இந்த அழைப்புகளை எடுக்கவே வேண்டாம் என்கிறான் மகன். கணிப்பு எல்லாமே பொய்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஒரு ஆமாமினால் டீசல் விலை ஏறிவிடவில்லை. முதலில் அந்த உறுத்தலை இறக்கி வையுங்கள். உங்களிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் உண்மையான பதில் சொன்னீர்கள். பார்க்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனது. மலிவு டீசல் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டது உண்மை. அந்த முடிவில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் உங்களிடம் கேட்டதில் விலை எங்கே இருந்தது? "டீசல் லிட்டருக்கு 1 வெள்ளி 20 காசு ஏறினால் ஒத்துக்கொள்வீர்களா?" என்று அவர்களே அதே மதியம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? திட்டம் ஒன்றுதான். ஒரு கேள்வியில் பணக்காரர் வருகிறார், இன்னொன்றில் உங்கள் வீட்டு வேன் வருகிறது.

சொல் மாறினால் பதில் மாறும் என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் 1941-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளைப் பொது இடத்தில் 'தடை செய்ய வேண்டுமா?' என்று ஒரு பகுதியினரிடம் கேட்டார்கள். 'அனுமதிக்க வேண்டுமா?' என்று மற்றொரு பகுதியினரிடம் கேட்டார்கள். கருத்துச் சொன்னவர்களில் தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 54 விழுக்காடு. அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 75 விழுக்காடு. யோசித்துப் பாருங்கள், தடை செய்வதும் அனுமதிக்காமல் இருப்பதும் வேறு வேறா? தடை என்ற சொல் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

ஆய்வாளர்கள் இதைக் குறையாகப் பார்த்தார்கள். அரசியல் ஆலோசகர்கள் தொழிலாகப் பார்த்தார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் ஃபிராங்க் லன்ட்ஸ். பெரும் சொத்து வைத்திருப்பவர் இறந்தால், அது பிள்ளைகளுக்குப் போவதற்கு முன் அமெரிக்க அரசு ஒரு வரி எடுக்கும். அதை 'மரண வரி' என்று சொல்லுங்கள் என்று குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு அவர் ஆலோசனை சொன்னார். 1990களின் இறுதியில் அங்கே இறந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பேரின் சொத்துக்குத்தான் அந்த வரி பொருந்தியது. ஆனால் மரணம் எல்லோருக்கும் உண்டே. அப்படித்தான் அந்தச் சொல் வேலை செய்தது. 2002-ல் அவர் எழுதிய இன்னொரு குறிப்பில், 'புவி வெப்பமாதல்' என்று சொல்லாமல் 'பருவநிலை மாற்றம்' என்று சொல்லச் சொன்னார். அது அவ்வளவு பயமுறுத்தாது என்பது காரணம். தாம் அன்று தவறு செய்துவிட்டதாக 2019-ல் அமெரிக்க செனட் குழு ஒன்றின் முன் அவரே சொன்னார்.

இந்தச் சொற்கள் ஒருவர் மண்டையில் திடீரென்று உதிப்பவை அல்ல. எட்டுப் பத்துப் பேரை ஓர் அறையில் உட்கார வைத்துப் பேச விடுவார்கள். தேநீர் உண்டு, கைச்செலவுக்குப் பணம் உண்டு. எந்தச் சொல் தானாக வாயில் வருகிறது, எதைச் சொல்லும்போது முகம் மாறுகிறது என்று ஒருவர் கவனித்துக்கொண்டே இருப்பார். கையில் ஒரு சிறு கருவியைக் கொடுத்து, பேச்சு ஓடும்போது பிடித்தால் வலது பக்கம், பிடிக்காவிட்டால் இடது பக்கம் திருகச் சொல்வதும் உண்டு. அப்புறம் தேறிய இரண்டு மூன்று வாசகங்களை எடுத்து, பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றொன்று என்று தொலைபேசியில் கேட்பார்கள். அதிக ஆமாம் வாங்கிய வாசகம் மேடைக்குப் போகும். உங்களுக்கு வந்ததும் அந்த மாதிரிக் கேள்வியின் சாயலில்தான் இருக்கிறது. உங்கள் கருத்து என்ன என்பதை விட, எப்படிச் சொன்னால் தலையாட்டுவீர்கள் என்பதை அறியக் கேட்கிற கேள்வி.

இதை நான் வெளியிலிருந்து மட்டும் சொல்லவில்லை. 2013 பொதுத்தேர்தலுக்கு முன் பினாங்கில் சில மாதம் ஒரு கணிப்பு வேலையில் தமிழ் அழைப்புகளுக்கு இருந்தேன். கேள்விகள் மலாயில் எழுதப்பட்டு வரும், நாங்கள் தமிழில் படிப்போம். அந்தக் காலத்தில் நம் மக்களிடம் பேச வந்த மேடைகளில் அப்போதைய பிரதமர் நஜிப் 'நம்பிக்கை' என்ற தமிழ்ச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கேள்வியிலும் அதே சொல்: "அரசாங்கத்தின் மீது உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா?" பிறைப் பக்கம் ஒரு பாட்டி எடுத்தார். கேள்வியைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நம்பிக்கைதான்யா இருக்கு. வேற என்னா இருக்கு நம்மகிட்ட?"

நான் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்க வேண்டும்? 'நம்பிக்கை உண்டு' என்பதில் போட்டேன். படிவத்தில் வேறு வழி இல்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டேன், சரி, அடுத்த எண்ணுக்குப் போ என்றார். மலாயில் அந்தக் கேள்வி வேறு மாதிரி இருந்தது. தமிழில் நம்பிக்கை என்றால் சாமி மேல் வைப்பதும் அதுதான், பிள்ளை வேலைக்குப் போவான் என்று காத்திருப்பதும் அதுதான். கைவிடப்பட்டவர்கள்கூடச் சொல்லக்கூடிய சொல் அது. அந்தப் பாட்டியின் பெருமூச்சை ஆதரவாக எண்ணிக் கொடுத்தவன் நான். இத்தனை ஆண்டுகள் ஆகியும் அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தப் பாட்டியின் ஒரு பதிலுக்கு எவ்வளவு எடை என்பதையும் பாருங்கள். ஒரு தேசியக் கணிப்பில் பெரும்பாலும் ஆயிரம் பேர் அளவில் கேட்பார்கள். மொத்தத்துக்கு மூன்று விழுக்காடு முன்னே பின்னே இருக்கும், அது பரவாயில்லை. ஆனால் இந்தியர்களாகிய நாம் இந்த நாட்டில் ஏறக்குறைய 7 விழுக்காடு. ஆயிரத்தில் எழுபது பேர். எழுபது பேரிடம் கேட்ட கணக்கில் பிழை பன்னிரண்டு விழுக்காடு வரை இப்படியும் அப்படியும் போகும். 'இந்தியர் ஆதரவு 58 விழுக்காடு' என்று போட்டால் உண்மை 46 ஆகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம். நம்மைப் பற்றிய எண் அவ்வளவு ஆட்டம் காண்கிறது. அந்த எண்ணை வைத்துத்தான் நம் சமூகம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது, இந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்று பேசுகிறார்கள்.

ஆகவே மகனிடம் சொல்லுங்கள், கணிப்பு எல்லாமே பொய் இல்லை. ஒழுங்காக எடுத்தால் நல்ல கருவி. ஆனால் நீங்களும் என்னைப் போன்றவர்களும் அழைப்பை எடுக்காவிட்டால் அந்த எழுபது நாற்பதாகும்.

நம் வாயிலிருந்தே பிறந்த சொல்லும் உண்டு. 2007 நவம்பர் 25 அன்று, இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராப் பேரணியில், கோலாலம்பூர் தெருக்களில் எழுந்த 'மக்கள் சக்தி'யை எந்த அறையிலும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 2008 மார்ச் தேர்தலில் மலாய், சீன வேட்பாளர்கள்கூட அதைத் தமிழிலேயே முழங்கினார்கள். 2009 அக்டோபரில் அதே பெயரில் ஒரு கட்சி வந்தது. அதைத் தொடக்கி வைத்தவர் பிரதமர் நஜிப். தெருவில் அரசை எதிர்த்து எழுந்த முழக்கம் இரண்டே ஆண்டில் பிரதமரின் மேடைக்கு வந்துவிட்டது. எனக்கு அது வலித்தது.

வீட்டுக்கு வரும் உதவித்தொகையையே பாருங்கள். 2012-ல் பிரிம், அதாவது பந்துவான் ரக்யாட் 1மலேசியா. பிறகு பந்துவான் சாரா ஹிடுப், பந்துவான் பிரிஹாத்தின் ரக்யாட், பந்துவான் கெலுவார்கா மலேசியா, 2023 முதல் சும்பாங்கான் துனாய் ரஹ்மா. தொகையும் விதியும் கொஞ்சம் மாறின. ஆட்சி மாறும்போதெல்லாம் பெயர் மாறியது. பந்துவான், சும்பாங்கான் என்று உதவியாகவோ நன்கொடையாகவோதான் எப்போதும் வருகிறது. 'ஹாக்' என்று, உரிமை என்று, ஒருவரும் பெயர் வைக்கவில்லை. கடையில் வாங்கும் சாமானிலும் நாம் வரி கட்டுகிறோமே.

அடுத்த முறை அழைப்பு வந்தால் எடுங்கள். கேள்வி நல்லதாகத் தோன்றினால், "இதனால் எனக்கு எவ்வளவு செலவாகும், யார் கொடுப்பது?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் 'கருத்து இல்லை' என்று போடச் சொல்லலாம், பெரும்பாலும் அதற்கும் ஒரு கட்டம் இருக்கும். பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, கேட்ட வாக்கியத்தைச் சொல் மாறாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள். தமிழில் எப்படிக் கேட்கிறார்கள் என்பதை நான் சேர்த்து வைக்கத் தொடங்கியிருக்கிறேன். வேனுக்கு இப்போது வாரத்துக்கு எவ்வளவு டீசல் ஆகிறது என்பதையும் அதில் எழுதுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து