சனம் ஏறாத ரைடைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது?

ஒரு தீம் பார்க்கில் சனம் ஏறாத ரைட் ஒன்று கிடந்தால் அதைக் கழற்றிவிட்டு இன்னொரு ரோலர் கோஸ்டர் போடுவதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம்தான். ஆனால் அங்கே வந்தவர்களில் யாருக்கு ஏற ஒன்றுமே இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும்.

கொழும்பில் ஒரு கார்னிவலுக்கு ஆறு பேராகப் போனோம். உயரக் கோட்டுக்கு நாலு விரல் குறைவு என்று மருமகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அம்மம்மா கச்சான் சுருளோடு வாங்கில் இருந்தவர் இருந்தபடியே இருந்தார், அப்புறம் மழை தூறியதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு மணித்தியாலத்தில் ஆறு பேரும் வெள்ளவத்தை பஸ்ஸில்!

கலிபோர்னியாவில் டிஸ்னி 2001இல் திறந்த 'சூப்பர்ஸ்டார் லிமோ' என்ற ரைட் ஒரு வருடம்கூட ஓடவில்லை, அவ்வளவு திட்டு. ஆனால் கட்டடத்தை இடிக்கவில்லை. அதே தடத்தில் கதையை மாற்றி, 2006இல் 'மான்ஸ்டர்ஸ் இங்க்' படத்தை வைத்து ஒரு ரைடாகத் திறந்தார்கள். கூரைக்குள்ளே ஓடும்படி, குழந்தையும் பாட்டியும் சேர்ந்து ஏறும்படி அமைத்தார்கள். நல்ல முடிவு என்பேன்.

இன்னொன்று, கியூ. புதிய ரைடில் 12 பேர் ஏறும் வண்டி 3 நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பினால் மணிக்கு 240 பேர்தான். சனம் குறைவு என்று நீங்கள் நினைக்கும் பழைய ரைட் மணிக்கு 600 பேரை இழுத்துக்கொண்டிருந்தால், அதைக் கழற்றிய அன்றே மற்ற எல்லா கியூவும் நீளும்.